சிகிஷ்வாரா: ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வேண்டிய கோட்டை ஊர்

ருமேனியாவைச் சுற்றிக் காட்டும் டூர் பேக்கேஜ்களில் சிகிஷ்வாராவுக்கு இரண்டு, மூன்று மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். கோட்டை அடிவாரத்தில் பஸ் நிற்கும். மணிக்கூண்டு முன்னால் ஒரு போட்டோ, டிராகுலா பிறந்த வீடு என்று ஒரு மஞ்சள் கட்டடம், மதியச் சாப்பாடு, மறுபடி பஸ். இப்படிப் போய்விட்டு வந்தவர்கள் "பரவாயில்லைங்க, சின்ன ஊரு" என்று சொன்னால் குறை அவர்கள் மேல் இல்லை, பேக்கேஜ் மேல். ரயிலில் போய், கோட்டைக்குள்ளேயே ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்பினால்தான் இந்த ஊர் கையில் சிக்கும்.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஊர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். அதற்குக் காரணம் டிராகுலா இல்லை, தொழில். இந்தக் கோட்டை எந்த அரசனுடைய அரண்மனைக்கும் காவலாக எழும்பியது இல்லை. தையல்காரர், தோல் பதனிடுபவர், செருப்புத் தைப்பவர், கயிறு திரிப்பவர், கொல்லர் என்று தொழில்காரர்கள் சங்கம் வைத்து, ஆளுக்கொரு கோபுரமாகப் பொறுப்பேற்றுக் காத்துவந்த மதில் இது. தறியும் பட்டறையும் ஊரை வளர்த்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இங்கே வழிகாட்டி அதிகம் பேசத் தேவையில்லை.

ஊர் இருப்பது ருமேனியாவின் டிரான்சில்வேனியா பகுதிக்கு நடுவில், முரேஷ் மாவட்டத்தில். மக்கள்தொகை ஏறக்குறைய 24,000. நம்ம பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் அளவுதான். தர்னாவா மாரே என்ற ஆறு ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அது கீழே பிளாஜ் என்ற ஊரில் தர்னாவா மிகாவோடு கூடி, முரேஷ் ஆற்றில் விழுந்து, திஸா வழியாக டான்யூப் போய்ச் சேர்கிறது. ஆற்றை ஒட்டிய சமதளத்தில் கீழ் ஊர்: கடைவீதி, பஸ், வங்கி, ரயில் நிலையம் எல்லாம் அங்கேதான். அதற்கு மேலே குன்றின் முதல் தட்டில் மதில் சூழ்ந்த பழைய ஊர். அதற்கும் மேலே பள்ளிக்கூடக் குன்று, அதன் உச்சியில் பெரிய சர்ச். இந்த மூன்று தட்டையும் மனதில் வாங்கிக்கொண்டால் மேப் இல்லாமலே நடக்கலாம். 1970-இலும் 1975-இலும் ஆற்றில் பெருவெள்ளம் வந்து கீழ் ஊரை முக்கியது. மேல் ஊர் அந்த உயரத்தில் ஏன் இருக்கிறது என்பதற்குப் பகைவர்கள் மட்டுமே காரணம் இல்லை.

12-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட ஹங்கேரி அரசர்கள் தங்கள் கிழக்கு எல்லையைக் காக்க ஜெர்மன் மொழி பேசும் குடியானவர்களையும் தொழில்காரர்களையும் அழைத்துக் குடியமர்த்தினார்கள். "சாக்சன்கள்" என்று பெயர் நிலைத்துவிட்டாலும், அவர்களில் பெரும்பாலானோர் ரைன், மோசல் ஆறுகளின் பக்கத்திலிருந்தும் லக்சம்பர்க் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். 1280-இல் இந்த இடம் முதன்முதலாக ஆவணத்தில் வருகிறது. 1367-இல் நகரம் என்ற தகுதி கிடைக்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் 15 தொழிற்சங்கங்களும் 20 கைத்தொழில்களும் இங்கே நடந்தன. 1676-இல் பெருந்தீ, தையல்காரர் கோபுரத்தில் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்து ஊரின் பெரும்பகுதி போயிற்று. இன்று நீங்கள் பார்க்கும் வீடுகளில் பலவும் அந்தத் தீக்குப் பிறகு பழைய அடித்தளத்தின் மேல் எழுந்தவை. முதல் உலகப்போருக்குப் பிறகு ஊர் ருமேனியாவோடு சேர்ந்தது. 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்ததும் சாக்சன் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டன. எழுநூறு, எண்ணூறு வருடமாக இருந்தவர்கள் சில வருடங்களுக்குள் காலி செய்த ஊர் இது. யுனெஸ்கோ 1999-இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வீட்டு வாசல்களில் ஜெர்மன் எழுத்தும், உள்ளே ருமேனிய, ஹங்கேரியக் குடித்தனமும் இருப்பதன் கணக்கு இதுதான்.

போய்ச் சேருவது எப்படி

கோயமுத்தூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடாவில் மாறியோ, டெல்லி அல்லது மும்பை போய் இஸ்தான்புல்லில் மாறியோ தலைநகர் புக்கரெஸ்ட் போகலாம். 2024 மார்ச் 31 முதல் விமான, கடல் எல்லைகளிலும், 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லைகளிலும் ருமேனியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டது. அதனால் பனியன் ஆர்டர் விஷயமாக ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ ஷெங்கன் விசாவில் போகிறவர்கள், நாளும் நுழைவு எண்ணிக்கையும் மிச்சமிருந்தால் அதே விசாவில் இங்கே வந்துபோகலாம். பழைய பயணக் குறிப்புகளில் "ருமேனியாவுக்குத் தனி விசா" என்று இருந்தால் அது காலாவதியான தகவல்.

புக்கரெஸ்ட் விமான நிலையத்திலிருந்து காரா தே நோர்ட் ரயில் நிலையத்துக்கு ரயிலே ஓடுகிறது, அரை மணிக்குள் போய்விடலாம். அங்கிருந்து சிகிஷ்வாராவுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். சினாயா, பிரெதால், பிரஷோவ் வழி. பிரெதாலில் பாதை 1,000 மீட்டர் உயரத்தைத் தாண்டுகிறது. ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்குங்க. டிக்கெட்டில் "ஐ.ஆர்." என்று இருந்தால் விரைவு வண்டி, வெறும் "ஆர்" என்றால் எல்லா ஊரிலும் நிற்கும் பாசஞ்சர். அடித்துப் பிடித்து டிக்கெட் எடுக்கும் அவசரத்தில் பாசஞ்சரில் ஏறிவிட்டால் பொழுது முழுக்க வண்டியிலேயே போய்விடும்.

பிரஷோவுக்கும் சிகிஷ்வாராவுக்கும் இடையில் பாதையைப் புதுப்பிக்கும் வேலை வருடக்கணக்காக நடக்கிறது. வண்டி தாமதமாவது அங்கே சகஜம். சிகிஷ்வாராவிலிருந்து கிளம்புகிற அன்றைக்கே ராத்திரி விமானம் போட்டுவிடாதீங்க. அதுதான் இந்தப் பயணத்தில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். நடுவே பிரஷோவிலோ புக்கரெஸ்டிலோ ஒரு ராத்திரி இருக்கட்டும்.

நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஒரு கிலோமீட்டர் சுமார். கருப்பும் வெள்ளையுமாக ஆற்றங்கரையில் நிற்கும் ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தைக் குறி வைத்து நடந்து, பக்கத்து நடைபாலத்தில் ஆற்றைத் தாண்டினால் கீழ் ஊர் வந்துவிடும். அங்கிருந்து மேட்டில் ஏற வேண்டும். பாதை முழுக்க உருளைக்கல் பதித்த தரை. சக்கரப் பெட்டி இழுத்தால் சக்கரம் உடைந்துபோகும், முதுகில் மாட்டும் பைதான் சரி. மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும், அதனால் தோல் அடி வைத்த ஷூவை விட்டுவிட்டு ரப்பர் அடி போட்டு வாங்க. வெளியாட்களின் கார் உள்ளே போக முடியாது. மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துப்போவதானால் விடுதிக்காரரிடம் வாசல் வரை வண்டி வருமா என்று முன்பே கேட்டு வையுங்க.

மணிக்கூண்டும் கோபுரங்களும்

மணிக்கூண்டு 64 மீட்டர் உயரம். 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, தட்டுத் தட்டாக ஏற்றிக் கட்டியது. அந்த உயரத்தில் பாதிக்கு மேல் கூரை மட்டுமே. பல வண்ண ஓடுகள் 1894-இல் வேய்ந்தவை. 1676 தீயில் கூரை எரிந்ததும் மறு வருடமே ஆஸ்திரியப் பக்கத்துக் கைவினைஞர்களை வரவழைத்துத் திரும்பக் கட்டினார்கள். கூரையின் நான்கு மூலையிலும் உள்ள குட்டிக் கோபுரங்கள் அழகுக்கு வைத்தவை இல்லை: மரண தண்டனை வரை தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இந்த ஊருக்கு உண்டு என்பதன் அடையாளம் அது. நகர மன்றம் கூடியதும் இந்தக் கட்டடத்தில்தான். மற்றக் கோபுரங்கள் ஆளுக்கொரு சங்கத்தைச் சேர்ந்தவை. இது மட்டும் ஊர்ப் பொது.

கடிகாரத்தில் இரண்டு முகம். கோட்டைக்குள் பார்க்கும் முகத்தில் சமாதானம், நீதி ஆகியவற்றின் உருவங்களும், மேளம் அடிக்கும் பொம்மையும். கீழ் ஊரைப் பார்க்கும் முகத்தில் வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு மரப் பொம்மைகள்: சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, சூரியன். நள்ளிரவில் சக்கரம் நகர்ந்து அடுத்த நாளுக்குரிய உருவம் முன்னால் வருகிறது. நவக்கிரகம் சுற்றி வளர்ந்தவர்களுக்கு அன்று எந்தப் பொம்மை நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது ஓடும் இயந்திரம் 1906-இல் பொருத்திய சுவிஸ் இயந்திரம். கோட்டைக்குள் நின்றால் இந்த ஏழு பொம்மைகளும் தெரியாது. கீழ் ஊரின் ஹெர்மன் ஓபர்த் சதுக்கத்திலிருந்து பாருங்க.

உள்ளே 1899 முதல் அருங்காட்சியகம். குறுகலான படிகளில் ஒவ்வொரு தட்டாக ஏற வேண்டும். பழைய மருந்துக்கடைச் சாமான்கள், அறுவைக் கருவிகள், தொழிற்சங்கங்களின் பணப்பெட்டிகள், ஹெர்மன் ஓபர்த் பற்றிய பகுதி. விண்வெளி ராக்கெட் இயலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஓபர்த் 1894-இல் சிபியுவில் பிறந்து, குழந்தையிலேயே இங்கே வந்து, இந்தக் குன்றின் பள்ளியில் படித்தவர். சங்கப் பெட்டிகளைப் பார்க்காமல் தாண்டிவிடாதீங்க. சந்தா, அபராதம், பயிற்சிப் பையனைச் சேர்க்கும் கட்டணம், நலிந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு உதவி எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போய்வந்தன. உச்சியில் மரத்தாலான சுற்று மாடம். உலக நகரங்களின் தூரம் எழுதிய தகடுகள் கைப்பிடியில் அடித்திருக்கின்றன. கீழே பார்த்தால் ஓட்டுக் கூரைகளும், ஆற்று வளைவும், கோபுரங்கள் நிற்கும் வரிசையும் ஒரே பார்வையில் கிடைக்கும். ஆகவே மணிக்கூண்டை முதலில் ஏறிவிட்டு, பிறகு மதிலைச் சுற்றுவது நல்லது. காலையில் திறந்தவுடன் போங்க. பதினோரு மணிக்கு மேல் பஸ் கூட்டம் வந்துவிட்டால் அந்தப் படிகளில் ஏறுகிறவர், இறங்குகிறவர் இரண்டு பேரும் திண்டாட வேண்டும். இந்த நாட்டில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை, ஆகவே ஞாயிறு வந்து திங்கள் பார்க்கும் திட்டம் மட்டும் வேண்டாம்.

மதிலின் மொத்தச் சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 14 கோபுரங்களில் ஒன்பது நிற்கின்றன. ஒரு சங்கம் ஒரு கோபுரத்தை ஏற்றுக்கொண்டால், அதைக் கட்டுவது, ஓட்டை ஒடசலைச் சரிபார்ப்பது, ஆயுதமும் வெடிமருந்தும் வாங்கி வைப்பது, முற்றுகை வந்தால் ஆள் நிறுத்துவது எல்லாம் அவர்கள் செலவு. எந்தத் தொழிலில் காசு இருந்தது என்பதைக் கோபுரத்தின் பருமனே சொல்லிவிடுகிறது. தையல்காரர் கோபுரம் அதற்குச் சரியான சாட்சி: அடியில் இரண்டு வளைவு வாசல்கள், வண்டி போகிற அகலம். மணிக்கூண்டுக்கு அடுத்தபடி ஊருக்குள் வர அதுதான் பெரிய வாசல். தோல் பதனிடுபவர் கோபுரம் சிறியது, பழையது. ஆறு பக்கமாக எழும்பிய செருப்புத் தைப்பவர் கோபுரம் 1681-இல் திரும்பக் கட்டியது. கொல்லர் கோபுரம் 1631-இல் மடாலய சர்ச் கட்டடத்தைக் காக்க எழுந்தது.

இருப்பதிலேயே கவனமாகப் பார்க்க வேண்டியது ஈயப் பாத்திரக்காரர் கோபுரம். 25 மீட்டர் உயரம். அடி சதுரம், நடு ஐங்கோணம், அதன்மேல் எண்கோணம், கூரை அறுகோணம். எந்தப் பக்கம் ஏணி சாத்தினாலும் மேலிருந்து சுட முடிகிற மாதிரி மாடம் வெளியே நீட்டியிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சண்டையின் குண்டு வடுக்கள் சுவரில் இன்னும் தெரியும். கயிறு திரிப்பவர் கோபுரத்தில் மட்டும் இப்போதும் குடித்தனம் உண்டு. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கான வீடு அது. கதவைத் தட்டி உள்ளே எட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். கறிக்கடைக்காரர் கோபுரமும் கம்பளித்தோல்காரர் கோபுரமும் அக்கம்பக்கமாக, நடுவில் ஒரு சின்ன வாசலோடு நிற்கின்றன. டூர் கூட்டம் அந்தப் பக்கம் வருவதே இல்லை. வெயில் தாழ அங்கே போங்க.

பவானிக்காரர்கள் தவறவிடக் கூடாத சர்ச்

மணிக்கூண்டை ஒட்டியே இருக்கும் மடாலய சர்ச்சைப் பலர் வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருப்பது துருக்கிக் கம்பளங்கள். ஆட்டோமன் நாட்டிலிருந்து வணிகப் பாதை வழியாக வந்த கம்பளங்களை டிரான்சில்வேனிய வணிகர்களும் சங்கங்களும் வாங்கி, தங்கள் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். லூத்தரன் சீர்திருத்தத்துக்குப் பிறகு படங்களும் சிலைகளும் பெரும்பாலும் விலக்கப்பட்ட வெள்ளைச் சுவரில் இந்தக் கம்பளங்கள்தான் நிறம். இவற்றில் சில, முஸ்லிம்கள் தொழுகைக்கு விரிக்கும் வளைவு வடிவம் கொண்டவை. அவை கிறித்துவ ஆலயத்தின் மாடக் கைப்பிடியில் நூற்றாண்டுகளாகத் தொங்குகின்றன. துருக்கிக்கு வெளியே இந்தச் சிறு அளவுக் கம்பளங்கள் இவ்வளவு எண்ணிக்கையில் பிழைத்தது டிரான்சில்வேனிய சர்ச்சுகளில்தான், காரணம் எளிது: காலில் மிதிபடவில்லை.

தறி தெரிந்தவர்கள் கிட்டப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். பவானி ஜமக்காளம் முடிச்சில்லாத தட்டை நெசவு. பாவு என்ற நீளவாட்டு இழையை மூடிக்கொண்டு, குறுக்கே ஓடும் ஊடை நெருக்கமாக இறங்கும், பட்டையும் கரையும் ஊடையின் நிறத்தில் வரும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று போலிருக்கும். இங்கே தொங்குவது முடிச்சுக் கம்பளம். இரண்டு பாவு இழையைச் சேர்த்துச் சுற்றிக் கம்பளி நூலை முடிந்து, வரிசைக்கு வரிசை ஊடை ஓட்டித் தட்டி, நுனியை வெட்டிச் சமன் செய்தது. அதனால் முன்பக்கம் மயிர் எழும்பியும், பின்பக்கம் முடிச்சின் புள்ளிகளாகவும் இருக்கும். மடிந்து தொங்கும் ஓரத்தைப் பாருங்க, பின்பக்கம் தெரியும். தொடக் கூடாது. 1440-இல் வார்த்த வெண்கல ஞானஸ்நானத் தொட்டியும் இங்கேதான் இருக்கிறது. கட்டணம் சொற்பம், ஆனால் கார்டு எடுக்காத இடங்களும் உண்டு, ருமேனிய நாணயமான லெய்யில் சில்லறை நோட்டுகள் கையில் வேண்டும்.

மேல் தட்டுக்குப் போக மரக்கூரை போட்ட படிக்கட்டு. 1642-இல் கட்டியது, 175 படிகள். குளிர்காலத்தில் பனியில் வழுக்காமல் பள்ளிப் பிள்ளைகளும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஏறுவதற்காகக் கூரை. உள்ளே மங்கலாக இருக்கும், படி தேய்ந்திருக்கிறது, இறங்கும்போது கைப்பிடியை விடாதீங்க. உச்சியில் புனித நிக்கோலஸ் சர்ச், 1345-இலிருந்து 1525 வரை இழுத்துக் கட்டியது. சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்த சுவரோவியங்களைப் பிற்பாடு வெளிக்கொண்டு வந்து பழுதுபார்த்தார்கள். தரைக்கு அடியில் கல்லறை அறை உண்டு; டிரான்சில்வேனிய சர்ச்சுகளில் இது அரிது. எதிரே சாக்சன் கல்லறைத் தோட்டம். கல்லில் இருக்கும் குடும்பப் பெயர்களும், மதில் கோபுரங்களின் தொழில் பெயர்களும் சேர்ந்துதான் இந்த ஊரின் வரலாறு. அவசரம் இல்லாமல் ஒரு அரை மணி அங்கே இருங்க.

டிராகுலா வீடு பற்றி

தெற்கே இருந்த வல்லாக்கியா நாட்டின் அரசுரிமைக்குக் காத்திருந்த இரண்டாம் விளாட் 1431 முதல் 1435 வரை இந்த ஊரில் இருந்தார். அவர் மகன் மூன்றாம் விளாட், கழுமரத்தில் ஏற்றுவதால் பெயர் எடுத்தவர், டிராகுலா என்ற பெயருக்கு உரியவர், இங்கே பிறந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அவ்வளவுதான். அந்தப் பெயரில் ரத்தக்காட்டேரிக் கதையை எழுதிய ஐரிஷ்காரர் பிராம் ஸ்டோக்கர் இந்த நாட்டுக்கு வந்ததே இல்லை. மஞ்சள் வீட்டின் கீழ்த்தளம் ஓட்டல். மேலே ஒரு அறையில் சவப்பெட்டிக் காட்சிக்குத் தனிக் கட்டணம். சின்னப் பிள்ளைகள் உடன் வந்தால் போகலாம், மற்றவர்கள் அந்தக் காசை மணிக்கூண்டுக்கு வையுங்க. வாசலில் தொங்கும் இரும்பு டிராகன் பலகையை மட்டும் பார்த்தால் போதும்: டிராகன் வீரர் அணியில் சேர்ந்ததால்தான் தந்தைக்கு "திராகுல்" என்ற பட்டம்.

இந்தக் கதையை நம்பி 2001-இல் ஊருக்கு வெளியே பிரைட்டே மேட்டில் டிராகுலா கேளிக்கைப் பூங்கா கட்டத் திட்டம் போட்டார்கள். உள்ளூரிலும் வெளிநாட்டிலும் கடும் எதிர்ப்பு வந்தது, திட்டம் அங்கிருந்து கைவிடப்பட்டது. அப்படித் தப்பிய பிரைட்டேதான் இந்த ஊரில் எங்கள் கணக்கில் முதல் இடம் என்று சொல்லத் தோன்றுகிறது. 133 ஹெக்டேர் மேய்ச்சல் நிலம், நடுநடுவே நூற்றாண்டுகள் கண்ட கருவாலி (ஓக்) மரங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, கிளை பரப்பி. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்ற மேய்ச்சல் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தின் ஏற்பாடு பழகியதாகவே இருக்கும். நம்ம கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல், மேய்வது காங்கேயம் மாடும் ஆடும். அங்கே வேலியில்லாத பொது மேய்ச்சல், கருவாலி, அதன் கொட்டையைத் தின்னும் பன்றி, பிறகு மாடும் ஆடும். காட்டை அழித்தும் இல்லை, காடாக விட்டும் இல்லை. மரமும் புல்லும் கால்நடையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் பண்ணையம். மேய்ச்சல் நின்றுபோனால் வேறு மரக்கன்றுகள் அடர்ந்து முளைத்து, வெயில் தேவைப்படும் கருவாலியை நிழலால் மூடிவிடும். ஆகவே அங்கே அந்தக் கன்றுகளை வெட்டி, மேய்ச்சலைத் தக்கவைப்பதே மரத்தைக் காக்கும் வேலை. கொறங்காட்டை உழுது போடுவதா, விற்றுவிடுவதா என்று யோசிப்பவர்கள் ஒருமுறை அந்த மேட்டைப் பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர், ஏற்றம். ஷூ, தண்ணீர் வேண்டும். மேலே கடை எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டே கிளம்புங்க. அந்த வட்டாரத்தில் கரடி நடமாட்டம் உண்டு. விடியற்காலையும் இருட்டும் நேரமும் போக வேண்டாம், தனியாக வேண்டாம். போனுக்கு அவசர எச்சரிக்கைச் செய்தி வந்தால் விடுதிக்காரரிடம் காட்டிப் பொருள் கேளுங்க. அவசர எண் 112.

ஊருக்குக் கிழக்கே நாலைந்து கிலோமீட்டரில் அல்பெஷ்ட். 1849 ஜூலை 31 அன்று அங்கே நடந்த போரில்தான் ஹங்கேரியின் தேசியக் கவி பெட்டோஃபி மறைந்தார், வயது 26. உடல் கிடைக்கவே இல்லை. நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1805-இல் இதே ஜூலை 31 அன்றுதான் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள்.

சாப்பாடும் தங்கலும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிடணும். மமலிகா என்பது மக்காச்சோள மாவுக் களி. அதைப் பாலாடைக்கட்டியும் புளிப்புப் பாலேடும் சேர்த்துக் கொடுப்பார்கள். களி தின்று பழகிய வயிற்றுக்கு இதுதான் பாதுகாப்பு. அவரை வகைப் பயறை வேகவைத்து மசித்து மேலே வதக்கிய வெங்காயம் போட்ட "ஃபசோலே பதுத்தா", கத்தரிக்காயும் சிவப்புக் குடைமிளகாயும் சுண்ட வதக்கிய "சகுஸ்கா" இரண்டும் ரொட்டியோடு நன்றாக இருக்கும். கத்தரிக்காய் சாலட்டில் பல இடங்களில் மயோனெய்ஸ், அதாவது முட்டை சேரும். காய்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும் எலும்புச் சாறில் செய்திருக்கலாம். "ஃபரா கார்னே" என்றால் கறி இல்லாமல், "ஃபரா ஓவ்" என்றால் முட்டை இல்லாமல். இதைவிட எளிய வழி, "தே போஸ்ட்" உணவு உண்டா என்று கேட்பது. ஆர்த்தடாக்ஸ் விரத நாள்களுக்கான சமையல் அது. கறி, முட்டை, பால் எதுவும் சேராது. புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முன், கிறிஸ்துமஸுக்கு முன் எளிதாகக் கிடைக்கும். விரதத்தில் மீன் அனுமதிக்கும் நாள்களும் உண்டு, அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்க. காரம் எதிர்பார்க்க வேண்டாம், பருப்புப்பொடி டப்பா ஒன்று பையில் இருக்கட்டும்.

கோட்டைக்குள் இருக்கும் ஓட்டல்களில் விலை கூடுதல். கீழ் ஊரில் அதே மமலிகா குறைவாகக் கிடைக்கும். ஒரு லெய் ஏறக்குறைய 20 ரூபாய். "கமிஷன் 0" என்று பலகை வைத்த நாணய மாற்றுக் கடைகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டு நோட்டைக் கொடுங்க, கமிஷன் அதில்தான் ஒளிந்திருக்கும். வங்கி ஏ.டி.எம்.மில் எடுக்கும்போது "உங்கள் நாணயத்தில் கணக்கிடவா" என்று கேட்டால் மறுத்துவிட்டு லெய் என்றே எடுங்க.

தங்குவதற்கு, பழைய வீட்டையே விடுதியாக்கிய "பென்சியுனே" வகையில் கோட்டைக்குள் ஒன்று பிடியுங்க. சுவர் தடிமன், ஜன்னல் சின்னது, படி செங்குத்து, லிப்ட் கிடையாது. முதல் தளத்துக்கு மேல் வேண்டாம் என்று புக் செய்யும்போதே சொல்லிவிடணும். இதற்கு ஈடாகக் கிடைப்பது பொழுதோட ஐந்து மணிக்குப் பஸ்கள் போனபின் வரும் ஊர். சதுக்கத்தில் உள்ளூர்க்காரர்கள் மட்டும் இருப்பார்கள், கடிகாரம் அடிப்பது தெளிவாகக் கேட்கும், கோபுரங்களை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலைக் கடைசியில் இடைக்கால விழா நடக்கும். கூட்டமும் பாட்டும் பிடித்தவர்கள் மாதங்களுக்கு முன்பே அறை போடணும், அமைதி தேடுபவர்கள் அந்த வாரத்தை ஒதுக்கிவிடணும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர் அங்கே செல்லாது, காற்று புகாத மேல்கோட்டும் கம்பளிச் சாக்ஸும் வேண்டும்.

இரண்டாவது ராத்திரியும் இருக்க முடிந்தால் பியெர்தான் போய்வாங்க, 30 கிலோமீட்டருக்குள். மூன்று சுற்று மதில் கொண்ட கிராமத்து சர்ச். அதன் பொருளறைக் கதவில் ஒரே சாவிக்குப் பல தாழ்ப்பாள்கள் ஒன்றாக நகரும் 1515-ஆம் ஆண்டுப் பூட்டு, 1900 பாரிஸ் கண்காட்சிக்குப் போய்வந்தது. பஸ்ஸை நம்பாமல், போக, காத்திருக்க, திரும்ப என்று மூன்றுக்கும் சேர்த்து டாக்சிக் கூலியை விடுதிக்காரர் முன்னிலையில் பேசிக்கொள்ளுங்க. நேரம் குறைவென்றால் 20 கிலோமீட்டர் தூரத்து சாஸ்கிஸ் போதும். சிகிஷ்வாரா மணிக்கூண்டை ஒத்த கூரையோடு ஒரு சர்ச் கோபுரம் அங்கே மெயின் ரோட்டை ஒட்டியே நிற்கிறது, வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம்.